நடை மட்டும் எலும்புக்குப் போதாது

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் என்றதும் சொல்லப்படுபவை கால்சியம் மாத்திரையும் காலை நடையும்தான். 2023-இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப் பாதைகளை அறிவித்தபோதும் உடற்பயிற்சி என்றால் நடை என்றே ஆனது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை நல்லதுதான். எலும்பின் கணக்கு வேறு. எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் கட்டப்படும் உயிருள்ள திசு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கரைதல் முந்திக்கொள்கிறது. கட்டுமானத்தைத் தூண்டுவது பழக்கத்துக்கு மீறிய சுமை; ஆயுள் முழுக்க நடந்து பழகிய இடுப்பெலும்புக்கு இன்னொரு நடை புதிதல்ல.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழுவினர் நடத்திய ‘லிஃப்ட்மோர்’ ஆய்வு இத்தகைய சுமையின் விளைவைச் சோதித்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்கள். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, அரைமணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கக் கனமான எடை தூக்கினார்கள். குதித்து இறங்கவும் செய்தார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் முதல் பிரிவினரின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு முறிந்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பயிற்சியால் நேர்ந்ததாகப் பதிவானது ஒரு லேசான கீழ் முதுகுப் பிடிப்பு மட்டுமே. முதல் மாதம் குறைந்த சுமையில் முறையைப் பழக்கிய பிறகே எடையை ஏற்றினார்கள் என்பதை மறக்கக் கூடாது. யூடியூபைப் பார்த்துத் தனியாகத் தூக்குவதற்கு இந்த ஆய்வு சான்றாகாது.

வீட்டு வேலையே போதாதா என்பார்கள். குடம் சுமந்த காலத்தில் இருந்த சுமை, குழாயும் மிக்ஸியும் வந்த வீட்டில் இல்லை. மிஞ்சியிருக்கும் குனிந்து பெருக்குதல் நலிந்த முதுகெலும்புக்கு ஆகாதது. கால்சியம் மூலப்பொருள், அவ்வளவே. ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களுக்கு மருந்தின் இடத்தைப் பயிற்சி பிடிக்காது என்பதும் உண்மை. இன்னொரு கேள்விதான் கடினமானது: அடர்த்தி கூடினால் முறிவு குறையுமா? நூறு பேரை எட்டு மாதம் கவனித்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை கீழே விழுவதால் நேர்பவை. முதியோர் விழுவதை உடற்பயிற்சி ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது என்று 2019-இல் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. அதில் முன்னின்றது சமநிலைப் பயிற்சி. எடையும் சமநிலையும் சேர்ந்தே கற்றுத்தரப்பட வேண்டும். கற்றுத்தர ஆளில்லை என்று சொல்லவும் முடியாது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். படுத்துவிட்டவர்களைத் தேடிப் போகும் அவர்கள், வாரம் இருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடமாடும் பெண்களுக்கு வகுப்பெடுக்க ஒரு பளுக்கம்பியும் சில எடைத் தட்டுகளும் ஓர் அரசாணையும் போதும்.