வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளத்துக்கும் ஒரு வரி வேண்டும்

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. அன்று ஆக்லாந்தில் கொட்டிய மழையை இங்கிருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆல்பர்ட் பார்க்கில் ஒரே நாளில் 280 மில்லிமீட்டர். விமான நிலைய முனையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. நான்கு பேர் உயிரிழந்தனர். நெருக்கடி நிலை அறிவிப்பு மக்களை எட்டியபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள், பிப்ரவரி நடுவில் கேப்ரியேல் புயல் வந்து நாடு முழுவதிலும் 11 உயிர்களைப் பறித்தது. முரிவாயில் உதவிக்குப் போன தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இருவர் மண்சரிவில் மாண்டனர்.

தெற்கு ஆக்லாந்தின் தொழிற்பகுதியான விரியின் கிடங்குகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் வேலைக்கு வருபவர்களில் பலர் மாங்கெரே, பாப்பாடோய்டோய், மனுரேவா பக்கம் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மாங்கெரேயில் தே அரராத்தா ஓடை பொங்கிக் குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது. வெள்ளம் வடிந்த வீட்டைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. மிதித்தால் நீர் கசியும் கார்பெட். அடித்தட்டில் இருந்ததால் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் கல்யாண ஆல்பம். சொந்த வீடோ வாடகை வீடோ, இந்தக் காட்சி ஒன்றுதான். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இனி குடியிருக்கவே தகாதவை என்று வகைப்படுத்தப்பட்ட வீடுகளை ஆக்லாந்து மாநகர மன்றமும் அரசும் சேர்ந்து விலைக்கு வாங்கின. அது நல்ல முடிவு. காப்பீடு செய்து தாமே குடியிருந்த உரிமையாளர்களுக்கு, வெள்ளத்துக்கு முந்தைய நாளின் சந்தை மதிப்பில் 95 விழுக்காடு கிடைத்தது. வாடகைதாரருக்கு அந்தத் திட்டத்தில் இடம் இருக்கவில்லை. வீடு குடியிருக்க முடியாத அளவுக்குச் சிதைந்தால் ஏழே நாள் அவகாசத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு வாரத்துக்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு தேட வேண்டும், அதே தேடலில் நூற்றுக்கணக்கானோர் இருக்கும்போது!

இழப்பீடு பெரிய விவாதம், அது நடக்கட்டும். அதற்குக் காத்திராமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றை நாம் கேட்கிறோம். வாடகை ஒப்பந்தத்தில் காப்பீட்டு விவரம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வெப்பமூட்டி, காற்றோட்டம், ஈரத்தடுப்பு பற்றிய அறிக்கையும் கட்டாயம். ஆனால் அந்த வீட்டுக்குள் வெள்ளம் வந்ததுண்டா என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீடு வாங்குபவர் மன்றத்திடம் நில விவர அறிக்கை பெற்று அபாயத்தை எடைபோடுகிறார். வாடகைக்கு வருபவருக்கு மட்டும் ஏன் அந்த அபாயம் தெரியக் கூடாது?

மன்றத்தின் வெள்ள வரைபடம்தான் இணையத்தில் இலவசமாக இருக்கிறதே என்பார்கள். அந்த வரைபடம் தண்ணீர் எங்கே வரக்கூடும் என்று கணிப்பது. படுக்கையறைக்குள் எவ்வளவு உயரம் வந்தது, சுவர்ப் பலகை மாற்றப்பட்டதா, வெறும் வண்ணம் பூசி மறைக்கப்பட்டதா என்பது உரிமையாளருக்குத்தான் தெரியும். ஊரில், சென்னைப் பக்கம் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வீடு பார்க்கப் போனால், மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுப்போம். விமானத்தை விட்டு இறங்கிப் பத்து நாளில் கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கு இங்கே அந்த அக்கா இல்லை. அவருடைய இடத்தைச் சட்டம்தான் நிரப்ப வேண்டும்.

சொன்னால் வாடகை குறையும் என்ற அச்சம் உரிமையாளர்களுக்கு இருக்கலாம். குறையட்டும், அபாயம் உள்ள வீட்டுக்கு அதுதான் நியாயமான வாடகை. வேறு வழியின்றி அதே வீட்டுக்குக் குடிபோகிறவர்கூட, விவரம் தெரிந்தால் பொருள்களுக்குக் காப்பீடு எடுப்பார், பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் மேல் தட்டில் வைப்பார், மழை எச்சரிக்கை வந்த இரவில் காரை மேட்டில் நிறுத்துவார்.

வாடகைச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தி இந்த ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வாசகர்களே, வீடு பார்க்கப் போகும்போது முகவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். “2023இல் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?” என்று கையெழுத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். வரும் பதிலை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.