நலவாழ்வுச் செய்தியை நமக்குச் சொல்பவர் யார்?

மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே நோயைப் பற்றி நமக்குப் பாடம் நடத்தி முடித்துவிடுகிறவர்கள் மூவர்: சரக்கு விற்பவர், கொள்கைக்காக வாதாடுபவர், செய்தித்தாள்காரர். இம்மூவரும் தீயவர் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், நீண்ட உண்மையை நெடுந்தூரம் சுமக்க இவர்களால் முடிவதில்லை. இதற்குச் சான்று தேடி மேலைநாட்டிற்குச் செல்ல வேண்டியதில்லை. நம் திருவள்ளூர் மண்ணே போதும்.

காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி 1948-இல் நம் நாட்டில் போடப்படத் தொடங்கியது. கிண்டியில் அதற்கென ஆய்வுக்கூடமும் எழுந்தது. ஊசி போட்டுக்கொண்டால் காசம் அண்டாது என்பதே பிரசாரத்தின் சாரம். எதிர்ப்பும் சென்னையிலிருந்தே கிளம்பிற்று. ஏ.வி. ராமன் என்ற ஓய்வு பெற்ற சுகாதாரப் பொறியாளர் தம் பத்திரிகையில் விடாது எழுதினார். 1955-இல் ராஜாஜியே, தாம் ஏன் எதிர்க்கிறேன் என்று சிறுநூல் வெளியிட்டார். வலுவிழந்ததாயினும் உயிருள்ள கிருமியைப் பிள்ளைகள் உடலில் கூட்டங்கூட்டமாகச் செலுத்தலாமா என்பது அவர் கேள்வி. அரசு 'அமுதம்' என்றது. எதிர்த்தவர்கள் 'நஞ்சு' என்றார்கள். இடையில் நின்ற தாய் என்ன செய்வாள், பாவம்!

ஐயத்தைத் தீர்க்க ஓர் ஆய்வு வேண்டியிருந்தது. 1968-இல், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர்ப் பகுதியில் அது தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அதில் கைகோத்தன. ஏறத்தாழ 3,60,000 மக்கள்! சிலருக்கு மெய்யான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. நம் வகுப்புத் தோழர்களின் தாத்தா பாட்டியரில் எத்தனை பேர் அதற்குக் கை நீட்டினார்களோ!

1979-இல் முதல் முடிவு வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1999-இல் வெளியான அறிக்கையும் அதையே உறுதி செய்தது. அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதை ஏன் போடுகிறார்கள்? சிறு குழந்தைகளைக் கொல்லும் மூளையுறைக் காசத்திலிருந்து அது காக்கிறது என்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. 'ஊசி தோற்றது' என்பது தலைப்பு. யாருக்குத் தோற்றது, யாருக்குப் பயன்படுகிறது என்பது ஒரு பத்தி. நம் நாளேடுகளில் பத்திக்கு இடம் கிடைப்பது அரிது. உலகமே பேசிய இந்த ஆய்வு நடந்த மண்ணில் வாழும் நம்மில் எத்தனை பேருக்கு அதன் முடிவு தெரியும்?

வாதாடுபவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் கோடையில் ஒரு கடைமுன் நின்று பாருங்கள். வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலில் ஒரு லிட்டருக்கு குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மற்ற உப்புகள் தனி. ஆனால் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, அதைவிடப் பன்மடங்கு சர்க்கரை சேர்த்த பானங்கள் ஆண்டுக்கணக்கில் விற்பனையாயின. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகரிக்கும். ஐதராபாத்துக் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் தனியொருவராய்ப் போராடினார். பத்திரிகைகளும் பின்னர் துணை நின்றன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயருக்குத் தடை விதித்தது. அதற்குமுன் அதே ஆணையம், சிறு எச்சரிக்கை வாசகம் இருந்தால் போதும் என்று 2022-இல் அனுமதித்திருந்தது! பொடி எழுத்தைப் படித்துவிட்டா ஒரு தாய் காசு கொடுப்பாள்?

வங்காளதேசத்தில் 1980-இலிருந்து 'பிராக்' அமைப்பின் பெண்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கொண்டு கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தனர். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ, அதற்கேற்பத்தான் அப்பெண்களுக்கு ஊதியம். விளம்பரக்காரர் எவருக்கேனும் இப்படிச் சம்பளம் உண்டா?

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இந்த ஆண்டு முகாமில் தொழிற்பேட்டைக் குடியிருப்புகளில் ஒரு பலகை வைக்கலாம். தமிழோடு இந்தியும் ஒடியாவும் அதில் இருக்கட்டும். அங்கே குடியிருப்போரில் பலர் வடக்கிலிருந்து வந்தவர்கள். 'ஒரு லிட்டர்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அரசு மருத்துவமனையில் தரும் பொட்டலத்தை அரைத் தம்ளர் நீரில் கரைத்துப் பிள்ளைக்குப் புகட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.