ஏட்டில் பேர் இல்லாதவனுக்கு எட்டு மணி நேரம் ஏது?

பழவேற்காடு வட்டாரத்து இறால் பண்ணை முதலாளி ஒருவரிடம், “உம்முடைய ஆட்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “அதையெல்லாம் யார் ஐயா எழுதி வைக்கிறார்கள்?” என்று சிரிப்பார். தீனி எத்தனை மூட்டை இறங்கியது, டீசல் எத்தனை லிட்டர் செலவு, குஞ்சு எத்தனை லட்சம் விட்டது என்று கேளுங்கள். உடனே நோட்டைப் பிரித்துக் காட்டுவார். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இரவெல்லாம் கண் விழித்துக் குட்டைக் கரையைச் சுற்றி வந்த மனிதனின் நேரத்துக்கு மட்டும் கணக்கு இல்லை!

இது மறதியா? இல்லை, தோழர்களே! எழுதினால் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதாவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

சொந்த வலையில் பாடுபடும் மீனவனைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. கடலுக்கும் ஏரிக்கும் மணி அடித்து வேலை வாங்க முடியாது. ஆனால் மீன்வளம் குன்றியதால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கூலிக்குப் போகிற குப்பத்து மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முதலாளி இருக்கிறான். பண்ணையில் காவல் காப்பவன், இறால் உரிக்கும் பெண், எண்ணூர் வரையிலான தொழிற்கூடங்களுக்குக் கான்ட்ராக்ட் கூலியாகப் போகும் இளைஞன் ஆகிய இவர்களுடைய நேரத்தை எழுதி வைப்பது முதலாளியின் தயவு அல்ல. சட்டப்படி அவன் கடமை.

அந்தக் கடமை எவ்வளவு பெரியது என்பதற்கு இதே ஏரியின் கதை ஒன்று போதும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பழவேற்காடு, சில்கா ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இருக்கும் இறால் குட்டைகளை அகற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. எல்லோருக்கும் தெரிந்த பகுதி அது. பலர் கவனிக்காமல் விட்ட பகுதி இன்னொன்று உண்டு. மூடப்படும் பண்ணைகளில் ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடும், அதற்கு மேல் ஆறு வருஷச் சம்பளமும் முதலாளி கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். ஆறு வருஷச் சம்பளம்!

பிறகு மறுசீராய்வு மனுக்கள் வந்தன, அமல் நின்றது, 2005-ல் பண்ணைகளுக்குப் பாதுகாப்பாகத் தனிச் சட்டமே வந்தது. அது வேறு கதை. தீர்ப்பு அப்படியே அமலாகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? “ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தேன்” என்று தொழிலாளி எதைக் காட்டி நிரூபித்திருப்பான்? தொழில் தகராறுச் சட்டப்படி ஒரு வருஷம் என்றால் 240 நாள் வேலை. அந்த 240 நாளும் முதலாளியின் மஸ்டர் ரோலில்தான் இருக்க வேண்டும். அதில் பேர் இல்லையென்றால், சேற்றில் நின்று வெடித்த காலைக் காட்டினாலும் கோர்ட்டுக்குச் சாட்சியம் ஆகாது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 240 நாளை நிரூபிக்கும் பாரம் தொழிலாளியுடையது, அவன் பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது என்று 2002-ல் ஹதிமானி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2005-ல் வேறொரு வழக்கில், மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்லித் தொழிலாளி கோரலாம் என்று கொஞ்சம் வழி விட்டது. நல்லது. மஸ்டர் ரோலே வைக்காத பண்ணையில் எதைக் கொண்டுவரச் சொல்வது?

சின்னத் தொழில், படிக்காத ஜனங்கள், கணக்கு வைக்க முடியாது என்று சாக்குச் சொல்கிறார்கள். வெட்கக்கேடு! கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எவன் வலை, எந்த நாள் எவன் முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கை மீனவர்கள் காத்து வருகிறார்கள். ஏரியையே முறை வைத்துப் பங்கிடத் தெரிந்த ஊரில், ஏழெட்டுப் பேரின் வேலை நேரத்தை எழுத ஒரு முதலாளிக்குத் தெரியவில்லையாம்!

இறால் உரிக்கும் பெண்களிடம் வேறு பாட்டு: “கிலோவுக்குத்தானே கூலி, மணிக்கணக்கு எதற்கு?” குறைந்தபட்சக் கூலி நேரத்துக்கு நிர்ணயமாகியிருந்தால், துண்டு வேலைக்கும் அதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். எத்தனை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் கை மரத்து உட்கார்ந்திருந்தாள் என்று எழுதாமல், குறைத்தாயா கூட்டினாயா என்று எப்படித் தெரியும்? கான்ட்ராக்ட் தொழிலாளியின் நிலை இன்னும் விசித்திரம். விரல் ரேகை வைக்காமல் கேட் திறக்காத இடங்களில் உள்ளே போன நிமிஷமும் வெளியே வந்த நிமிஷமும் இயந்திரத்தில் பதிவாகின்றன. அந்தப் பதிவைச் சம்பளச் சீட்டோடு ஒட்டிக் காட்டட்டுமே!

புதிதாக நாம் எதையும் கேட்கவில்லை. கூடுதல் நேரத்தை முதலாளி பதிவு செய்ய வேண்டும் என்று 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் முதல் ஒப்பந்தமே சொன்னது. 1921-ல் வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. ஸ்பெயினில் தொழிலாளர் கமிஷன்கள் என்ற சங்கம் டாய்ச் பாங்கின் மீது வழக்குப் போட்டது. அன்றாட வேலை நேரத்தை அளக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் கூடுதல் நேரத்தைக் கண்டறியவே வழியில்லை, ஆகவே அந்த ஏற்பாடு முதலாளியின் கடமை என்று 2019 மே 14-ல் ஐரோப்பியக் கோர்ட் தீர்ப்பளித்தது. பாங்கு குமாஸ்தாவுக்குப் பொருந்துவது பண்ணைக் காவலாளிக்குப் பொருந்தாதா?

நம் நாட்டிலோ 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது 1948-ன் சட்டம்; இப்போது 20 பேர் வேண்டும். கான்ட்ராக்ட் சட்டத்தின் 20 பேர் வரம்பு 50 ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு ‘வசதி செய்து கொடுப்பவர்’ என்று வால் ஒட்டியிருக்கிறார்கள். யாருக்கு வசதி? ஊதியத் தொகுப்பின் 50-வது பிரிவு மஸ்டர் ரோலும் சம்பளச் சீட்டும் வேண்டும் என்கிறது, சரி. வைக்காத முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்! பலருடைய ஓவர்டைமை விழுங்கினவனுக்கு இது அபராதமா, லைசென்ஸ் கட்டணமா? விவசாயத்துக்கு ஐந்து பேர் வரை வைத்திருப்பவருக்கு ஏடே வேண்டாம் என்ற விலக்கும் உண்டு. இறால் வளர்ப்பும் விவசாயம்தான் என்று நாளைக்குப் பண்ணைக்காரர் வந்து நிற்பார், பாருங்கள்.

மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அதன் நூறாம் ஆண்டு நிறைவுக்குப் பத்து நாள் முன்னால், 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்கள் சீறி எழுந்தன. மே முதல் நாளே அது வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. சட்டப் புத்தகத்தில் 12 மணி நேரத்தைத் தடுத்தோம். ஏடு இல்லாத பண்ணையில் அதை எப்படித் தடுப்பது?

ஆகவே பண்ணை, உரிப்புக் கொட்டகை, கான்ட்ராக்டர் எவராயினும் ஹாஜர் ஏடு வைக்க வேண்டும். வந்த நேரமும் போன நேரமும் அதில் இருக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். வைக்காத இடத்தில் தொழிலாளி சொல்லும் நேரமே உண்மை என்று சட்டம் கொள்ள வேண்டும். கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது என்று ஊதியத் தொகுப்பின் 59-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது; வேலை நேரத்துக்கும் அதே விதியை நீட்டுவதில் என்ன கஷ்டம்?

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், கொடுத்த கூலி, கூட வேலை செய்த இருவரின் கையெழுத்து அல்லது ரேகை. எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். கூலிப் பாக்கிக்கு மனுப் போட மூன்று வருஷம் அவகாசம் உண்டு; இன்று எழுதுகிற பக்கம் அப்போது கைக்கு வரும்.