சபையை அறிந்து பேசுதல்

பலர் கூடிய சபையில் ஒரு விஷயத்தை எடுத்துரைக்கும் பொறுப்பு ஒரு காலத்தில் பண்டிதர்க்கும் பிரசங்கிகளுக்கும் வழக்கறிஞர்க்குமே பெரும்பாலும் உரியதாயிருந்தது. இன்றோ கல்லூரி மாணவர் முதல் அலுவலக அதிகாரி வரை அதற்கு உட்படாதவர் அரியர். ஆயினும் அதற்கு நம்மவர் செய்துகொள்ளும் ஆயத்தத்தைக் கவனித்தால், அதன் பெரும்பகுதி ஸ்லைடுகளை அலங்கரிப்பதிலும், மேடைப் பயத்தைப் போக்கும் உபாயங்களைத் தேடுவதிலுமே கழிவதைக் காண்கிறோம். எதிரே அமரப்போகிறவர் யார், அவர் முன்பே அறிந்தது எவ்வளவு, எழுந்து செல்லும்போது எதைத் தம் நெஞ்சில் கொண்டு செல்ல வேண்டும் என்னும் சிந்தனை எழுவதேயில்லை. திருக்குறளில் ‘அவை அஞ்சாமை’ என்னும் அதிகாரத்துக்கு முன்பாக ‘அவை அறிதல்’ வைக்கப்பட்டிருக்கிறது. அந்த முறைவைப்பே சரியானது என்பது என் திடமான அபிப்பிராயம். சபையை அறிந்தவனுக்கு அச்சத்தின் பெரும்பகுதி தானே நீங்கும். அறியாதவன் அச்சத்தை மட்டும் வென்று ஆவதென்ன?

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே விஞ்ஞானப் பிரசங்கியாக உயர்ந்த சரித்திரம் இதற்குத் தக்க சான்று. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகிய அவர், 1812-இல் ரசாயன அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் பிரசங்கங்களை அங்கே கேட்டு, தாம் எழுதிய குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பி, மறு ஆண்டில் அந்நிலையத்தில் உதவியாளராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய கடிதங்களில், பிறர் பேசும்போது சபையில் அமர்ந்து தாம் கண்ட குணதோஷங்களை அவர் விரிவாக ஆராய்ந்தார். மண்டபத்தின் காற்றோட்டம் முதல் பேசுவோரின் உடலசைவு வரை அவர் கவனத்துக்குத் தப்பியது சொற்பமே. எவர்க்கும் ஒரு மணி நேரம் போதும் என்றும், பேசுவோருடைய நடத்தை முழுவதிலும் சபையோரிடம் மரியாதை புலப்பட வேண்டும் என்றும், பிரசங்கியாகப் பெயர் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் தீர்மானித்திருந்தார். பின்னர் பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரிடம் பேச்சுக்கலை பயின்றதோடு, அவரைத் தம் பிரசங்கங்களுக்கு வருவித்துக் குறை கூறும்படியும் வேண்டினார். வேகம் மிகும்போது ‘மெதுவாக’ என்றும், பொழுது கடக்கும்போது ‘நேரம்’ என்றும் எழுதிய அட்டைகளைத் தம் கண்ணெதிரே காட்டச் செய்தார். மின்சார இயலின் போக்கையே மாற்றிய மேதை, கேட்போரின் பொருட்டு இத்தகைய கட்டுப்பாட்டுக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டார் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்காக நிகழ்த்திய பிரசங்கங்களுக்கு 1848-இலும், மீண்டும் 1860-இலும், ஒரு மெழுகுவத்தியையே அவர் விஷயமாகக் கொண்டார். ஒவ்வொரு சிறுவனும் தன் வீட்டில் கண்டு பழகிய அப்பொருளிலிருந்து தொடங்கி, எரிதலையும், நீரின் உற்பத்தியையும், பிராணவாயுவையும், கரியமிலவாயுவையும் விளக்கி, இறுதியில் நம் சுவாசமும் ஒருவகை எரிதலே என்னும் பேருண்மைக்கு அவர்களை அழைத்துச் சென்றார். தாம் அறிந்தவற்றுள் உயர்ந்ததைக் காட்டும் ஆசையைவிட, கேட்போர் நிற்கும் இடத்திலிருந்து புறப்படும் சிரத்தையே அந்தத் தேர்வில் மேலோங்கி நிற்கிறது.

இந்தச் சிரத்தை குன்றினால் நேரும் விபரீதத்துக்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தை மதிப்பிட்ட பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்குக் காட்டிய ஸ்லைடு ஒன்றில், முன்பு சோதித்துப் பார்த்த துண்டின் பருமன் 3 கன அங்குலம், இப்போது மோதியதாகக் கணக்கிட்டதோ 1,920 கன அங்குலம் என்னும் அதிமுக்கியமான செய்தி, தலைப்பில் இடம்பெறாமல், உட்பிரிவுகளாக அடுக்கிய துண்டு வாக்கியங்களின் கடைசியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதறியதில் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். அந்த ஸ்லைடே இத்துயரத்துக்குக் காரணம் என்பது அநியாயமான கூற்று. ஆயினும், தகவல்களைக் காட்சிப்படுத்தும் கலையில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி அதைப் பகுத்தாராய்ந்ததைத் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டிய விசாரணைக் குழு, முழுமையான தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளைக் கொண்டே விவகாரங்களை முடிக்கும் வழக்கத்தைக் கண்டிக்கத் தவறவில்லை.

ஸ்லைடுகள் அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படமும் வரைபடமும் சொல்லால் விளக்க இயலாதவற்றை விளக்கும்; ஆனால் முடிவான கருத்தை முழு வாக்கியமாக எழுதிப் பார்க்காமல், திரையில் தோன்றும் துணுக்குகளை நம்பி எழுந்து நிற்பவர், தம் சிந்தனை முற்றுப்பெறாதிருப்பதைத் தாமே அறியமாட்டார். திரையைப் பார்த்து வாசிப்பவர் சபைக்கு முதுகு காட்டுகிறார். அவர் வாசித்து முடிப்பதற்குள் கேட்போர் தாமே படித்து முடித்துவிடுகின்றனர்.

நம் கல்லூரிகளில் மாணவர் கருத்தரங்குகளுக்கு மதிப்பெண் வழங்குவோர் பேசியவரின் சரளத்தையும் ஸ்லைடுகளின் அழகையும் பெரிதாக மதிப்பதை நிறுத்தி, கேட்டுக்கொண்டிருந்த மாணவர் சிலரை அழைத்து, தாம் கிரகித்ததைச் சில வரிகளில் எழுதித் தரச் செய்து, அந்தத் தாள்களைக் கொண்டே பாதி மதிப்பெண்ணையேனும் தீர்மானிக்க வேண்டும். ஆசிரியர்களின் வகுப்புகளுக்கும் இந்த ஏற்பாட்டை விஸ்தரிப்பதில் தவறொன்றும் இல்லை.