உல்லம் ஏறாத கொள்ளிடம்

உல்லம் என்றால் இன்று பலருக்குத் தெரியாது. வங்காளிகள் உயிரை விடும் இலிஷ் என்றால் "அட, அதுவா" என்பார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் எதிர்நீச்சல் போட்டு ஏறும் மீன். காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்திலும் ஏறியதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை முதலில் குறுக்கே நின்றது. அணைகள் மீன்களின் வழியை அடைப்பதை மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1873 அறிக்கையிலேயே எழுதிவிட்டார். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. ஆற்று வெள்ளம்தான் இந்த மீனுக்கு அழைப்பு. வெள்ளம் அணைக்குள் அடங்கியதும் அழைப்பும் நின்றது. மேட்டூரைப் பழிக்க எனக்கு வாய் வராது, நான் தின்ற சோற்றில் பாதி அந்தத் தண்ணீர். ஆனால் அணையை மட்டும் காட்டிவிட்டு மணல் லாரியையும் சாயக் கழிவையும் மறைப்பது யோக்கியமில்லை. மணலும் சரளையும் போன ஆற்றில் மீன் எங்கே முட்டையிடும்? நாமோ கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு குஞ்சுகளைக் காவிரியில் கொட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அது மீன் வளர்ப்பு. ஆற்றுக்கு உரிய மீனைக் காப்பது வேறு. வங்கதேசத்தைப் பாருங்கள்: இலிஷ் முட்டையிடும் அக்டோபரை ஒட்டி 22 நாள் பிடிக்கவும் விற்கவும் தடை, வலையை மடித்து வைத்த மீனவர் வீட்டுக்கு அரிசி. இங்கே உள்நாட்டு மீனவருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். கூடவே, முட்டையிடும் பருவத்தில் கீழணையைத் தாண்டிக் கடல் வரை கொஞ்சம் தண்ணீர். அதைக் கடலில் வீணாகிறது என்று கணக்கெழுதும் நீர்வளத்துறைப் பழக்கம் முதலில் போகட்டும்.