திருடர்கள் யார்? – ஸ்டார் வார்ஸும் சில ரசிகர்களும்

1988, மார்ச். அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ஒரு பிரபல இயக்குநர் வந்து உட்கார்ந்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு டெட் டர்னர் கலர் பூசி விற்றுக்கொண்டிருந்த நேரம். காசுக்காகக் கலைப்படைப்பை மாற்றுகிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்று விளாசித் தள்ளினார். அவர் பெயர் ஜார்ஜ் லூகாஸ்.

ஒன்பது வருடம் கழித்து, 1997ல், அதே லூகாஸ் தன்னுடைய மூன்று ஸ்டார் வார்ஸ் படங்களையும் எடுத்து, கம்ப்யூட்டரில் தேய்த்து, ‘ஸ்பெஷல் எடிஷன்’ என்று வெளியிட்டார். 1977 படத்தில், மதுக்கடையில் க்ரீடோ துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்க, ஹான் சோலோ மேஜைக்கு அடியிலிருந்து அவனைச் சுட்டுவிட்டுப் போவான். புதியதில் க்ரீடோதான் முதலில் சுடுகிறான். ஒரு மேஜை தூரத்தில் உட்கார்ந்திருப்பவனைக் குறி தவறிச் சுடுகிறான், கொடுமை! தன்னைத் தவிர யாரையும் நினைக்காத ஒரு கடத்தல்காரன், கடைசியில் நண்பனுக்காகத் திரும்பி வருகிறான் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் கதையே. அதன் ஆரம்பத்தையே மழித்துவிட்டார்கள். 2004 டிவிடியில் அடுத்த வெட்டு. மூன்றாம் படத்தின் முடிவில் ஆவியாக நின்ற செபாஸ்டியன் ஷாவைத் தூக்கிவிட்டு ஹேடன் கிறிஸ்டென்சனை ஒட்டினார்கள். ஷா 1994லேயே காலமாகிவிட்டார், கேட்க ஆளில்லை.

“அவர் படம், அவர் இஷ்டம். உங்களுக்கென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றில் லூகாஸ் இயக்கியது முதல் படத்தை மட்டும்தான். இரண்டாவது இர்வின் கெர்ஷ்னர், மூன்றாவது ரிச்சர்ட் மார்குவாண்ட். மார்குவாண்ட் இறந்தது 1987ல். எந்த இயக்குநரின் உரிமையைப் பற்றிப் பேசுகிறார்கள்?

சரி, மாற்றிவிட்டுப் போகட்டும். பழையதையும் பக்கத்தில் வைத்து விற்றிருந்தால் ஒரு சண்டையும் இல்லை. 2006ல் ஒரே ஒருமுறை இலவச இணைப்பு மாதிரி ஒரு டிஸ்க் கொடுத்தார்கள். அதுவும் 1993ல் லேசர் டிஸ்க்குக்காக எடுத்த பிரதியிலிருந்து. அகலத்திரை டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை! 2011 ப்ளூ-ரே, 2019 டிஸ்னி ப்ளஸ், 2020 4கே டிஸ்க் எல்லாவற்றிலும் மாற்றியதுதான். முதல் படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் உண்டு. பால் ஹிர்ஷ், மார்ஷியா லூகாஸ், ரிச்சர்ட் சூ மூவரும் சேர்ந்து வாங்கியது. அந்த ஆஸ்கர் வாங்கிய எடிட்டிங்கை ஒழுங்கான தரத்தில் காசு கொடுத்து வாங்க வழியில்லை. தேவை இருக்கிறது, சரக்கும் இருக்கிறது, கடைக்காரர் விற்க மாட்டாராம். எந்த ஊர் வியாபாரம் இது?

அங்கேதான் ரசிகர்கள் வந்தார்கள். ‘ஹார்மி’ என்ற புனைபெயரில் செக் நாட்டு ரசிகர் ஒருவர் ப்ளூ-ரே, பழைய டிவிடி, ஃபிலிம் பிரதிகள் என்று கிடைத்ததையெல்லாம் ஷாட் ஷாட்டாக ஒட்டி 1977 படத்தை மீட்டார். இன்னொரு குழு தியேட்டரில் ஓடிய 35 எம்எம் பிரிண்டையே ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் துடைத்தது. அசல் டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியவர்தான் இதைப் பார்க்க வேண்டும், யாரும் விற்கக்கூடாது என்பது இவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதி. மீறி டிஸ்க் போட்டு விற்பவன் திருடன்தான், சந்தேகமேயில்லை.

எபிசோட் ஒன்றில் ஜார் ஜார் பிங்ஸின் அட்டகாசத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட 20 நிமிடத்தை வெட்டிய ‘ஃபேன்டம் எடிட்’ வேறு ரகம். அது ரசிகரின் ருசி. பிடிக்காதவர் அசலைப் பார்க்கலாம், அசல் கடையில் இருந்தது. லூகாஸின் வெட்டு அந்த வசதியைத் தரவில்லை.

காப்புரிமைச் சட்டப்படி ஹார்மி செய்ததும் தப்புதான். 2012ல் 405 கோடி டாலர் கொடுத்து லூகாஸ்ஃபிலிமை வாங்கிய டிஸ்னி, படத்தைப் பூட்டி வைத்ததில் எந்தச் சட்டமீறலும் இல்லை. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1977 பிரிண்டைத் திரையிட்டபோது லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடியே மேடையேறிப் படத்தை அறிமுகம் செய்தார். அந்த வடிவத்தைச் சுத்தம் செய்து, 50ஆம் ஆண்டுக்காக 2027ல் தியேட்டருக்குக் கொண்டுவரப்போவதாகவும் அறிவித்தார்கள். ஹார்மி இதே வேலையை வீட்டிலிருந்து செய்து பதினைந்து வருடம் ஆகப்போகிறது.