இடித்துரைப்பதும் அன்பே

2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தொடர்ந்து ஐந்தாவது ஆட்டத்திலும் தோற்றிருந்தது. கோவையில் நம் கல்லூரிக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் மாணவர் இருவர் வாய்ச்சண்டையில் இறங்கியிருந்தனர். "அஞ்சு கப்பு வாங்கிக் குடுத்த மனுசனப் பேசறதுக்கு நமக்கு என்னடா தகுதி இருக்குது?" என்றான் ஒருவன். "அஞ்சு கப்பு வாங்குனவரு இப்புடி ஒரு டீம எதுக்குடா எடுத்தாரு?" என்றான் மற்றவன். "நீயெல்லாம் ஒரு ரசிகனா?" என்று முன்னவன் சீறினான். பிறகு இருவரும் நம் பக்கம் திரும்பி, "ஏனுங்க சார், நீங்களே சொல்லுங்க" என்றனர். அன்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தோம். சொல்லாமல் விட்ட அந்த விடையே இக்கட்டுரை.

அவர்கள் பேசியது பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கைப் பற்றி. 2009 முதல் அவ்வணியின் பொறுப்பிலிருந்த அவரது காலத்தில் 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்து கோப்பைகள் வந்தன. அதே பயிற்சியாளரின் கீழ் 2025இல் பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்துக்கு இறங்கியது. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு அணிக்கு எதிராகத் தோனி ஒன்பதாவது ஆட்டக்காரராக, அஸ்வினுக்கும் பிறகு வந்தார். அணி ஐம்பது ஓட்டங்களில் தோற்றது. தோனியின் முழங்கால் பழைய நிலையில் இல்லை, பத்து ஓவர்கள் ஓடி ஆட அவரால் இயலாது என்று அடுத்த ஆட்டத்துக்குப் பின் ஃபிளெமிங் விளக்கினார். அவ்விளக்கத்தை ஏற்றவர் பாதி, எள்ளியவர் பாதி.

அம்மாதத்தில் நடந்த இன்னொன்று நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. அணியின் வீரரான அஸ்வினின் யூட்யூப் நிகழ்ச்சியில் பங்கேற்ற ஒருவர், அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கையில் நூர் அகமதுவும் எதற்கு என்று கேட்டுவிட்டார். கேள்வி பெரும் சர்ச்சையாயிற்று. அப்பருவம் முழுவதும் சென்னையின் ஆட்டங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை என அந்நிகழ்ச்சியினர் அறிவித்தனர். ஆடும் வீரரின் பெயரில் வரும் நிகழ்ச்சி என்பதால் அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்திருக்கலாம், அது நியாயமே. ஆனால் ஒரு வியூகத்தைப் பற்றிய கேள்வி துரோகமாகவும் மௌனம் பரிகாரமாகவும் கொள்ளப்பட்டது எப்படி?

தமிழ் மரபு இவ்வாறு எண்ணியதில்லை. அரசனின் செவியில் அறிவுறுத்துவதற்கென்றே செவியறிவுறூஉ என ஒரு துறையைப் புறத்திணையில் வகுத்தவர்கள் நாம். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பியிடம் சென்று, விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும், யானையே வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகும் என்று வரிக்கொடுமையைச் சுட்டினார். அந்தப் பிசிராந்தையார்தான், நேரில் கண்டிராத கோப்பெருஞ்சோழனுக்காகச் சோழநாடு சென்று வடக்கிருந்து உயிர் துறந்தவர். இடித்துச் சொல்லிய நாவும் நட்புக்காக உயிர் நீத்த நெஞ்சும் ஒருவருடையவே. காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக் கொள்பவனே சிறந்த அரசன் என்று இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் இதையே.

நாமே இதில் தவறியவர்கள். நம் மதிப்புக்குரிய ஆசிரியர் ஒருவரின் உரைநூலில் ஒரு பிழையைக் கண்டும், அவர் வாழ்ந்த காலத்தில் வாய் திறக்கவில்லை. அதைக் குருபக்தி என்று எண்ணிக்கொண்டோம். அவர் மறைவுக்குப் பின் அந்நூல் அதே பிழையோடு மறுபதிப்பு கண்டது. நம் மௌனத்தால் அவருக்கு எந்தப் பெருமையும் சேரவில்லை.

எனில் எல்லா வசையும் விமரிசனமா? அன்று. பயிற்சியாளர் பந்தைப் பிடிப்பதில்லை, மட்டையைச் சுழற்றுவதில்லை. காயம்பட்டுத் தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் விலகியதற்கு அவர் பொறுப்பல்லர். ஏலத்தில் யாரை எடுப்பது, முதல் ஆறு ஓவர்களை எந்த மனநிலையில் ஆடுவது என்பவற்றில் அவருக்குப் பங்குண்டு. அங்கே கேள்வி கேட்பது ரசிகனின் உரிமை. ஏலத்தில் எல்லாம் சரியாகவே செய்தோம் என்று சொல்வது கடினம் எனும் பொருள்பட ஃபிளெமிங்கே பின்னர் பேசினார். பயிற்சியாளரே ஒப்புக்கொண்டதை ரசிகன் சொன்னால் குற்றமா? ஆனால் ஆட்டத்தை விட்டு ஆளின் பிறப்பையும் குடும்பத்தையும் தொடும் நாவுக்கு விமரிசனம் என்ற பெயர் பொருந்தாது.

கோவைக்காரர்களான நமக்கு இதில் தனியே ஓர் அனுபவமும் உண்டு. பெயரில் சென்னை இருந்தாலும், சென்னை சிட்டி கால்பந்து அணி நம் நேரு விளையாட்டரங்கைத் தாய்மண்ணாகக் கொண்டு ஆடியது. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் தலைமையில் 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பின் மூன்று கோல்கள் அடித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தை வென்றது. மறு பருவத்தில் பட்டம் கைநழுவியது. 2021இல் பெருந்தொற்றால் போட்டிகள் முழுவதும் வங்கத்தில், ரசிகர் இன்றி நடந்தன. அதற்கடுத்த பருவத்தின் ஐ-லீக்கில் அவ்வணியே இல்லை. காரணங்கள் நிர்வாகத்தைச் சார்ந்தவையாக இருக்கலாம். ரசிகர்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. ஆயினும் இன்று நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் அவ்வணியின் பயிற்சியாளரைத் திட்டுவார் ஒருவரும் இல்லை. திட்டுவதற்கு அணி இல்லை. வசவைவிடக் கொடியது இந்த அமைதி என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

ஆகவே அம்மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. தம்பி, ஐந்து கோப்பைகளை நினைவில் வைத்திருக்கிறாய், அது நன்றி. அடுத்த கோப்பைக்காகக் கேள்வி கேட்கிறான் உன் நண்பன், அது அக்கறை. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ரசிகனாக இருக்க முடியாது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அணி தடையில் கிடந்தபோது காத்திருந்தவர்களில் உங்களைப் போல் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். அவன் ரசிகனா என்று கேட்காதே. தேநீர் ஆறுவதற்குள், அவன் சொல்வது சரியா என்று மட்டும் கேள்.